ஃபேன் ஓடுது, காத்து போகல

சித்திரை பிறந்துவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "சிஸ்டம் தானா ஆஃப் ஆயிடுதுண்ணே" என்பார்கள். மீதிப் பேர் "காலையில நல்லா இருக்கு, மத்தியானம் ஆனா இழுக்குது" என்பார்கள். இரண்டு தரப்பும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளும் ஒரு வரி உண்டு: "ஃபேன் நல்லாத்தான் ஓடுது, நானே திறந்து பாத்துட்டேன்." புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் எனக்குப் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இருக்கிறது. ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். காற்றுப் போகிறதா என்பது தெரியாது.

அதனால் முதலில் நான் கையைத்தான் நம்புவேன். சிஸ்டத்தைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கேபினட்டின் பின்பக்கம், எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளையின் ஃபேனுக்கு நேரே புறங்கையை வைப்பேன். காற்று வேகமாகவும் வெதுவெதுப்பாகவும் வந்தால் உள்ளே உண்டாகும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. காற்று நூலிழையாக வந்து, பக்கத் தகடு மட்டும் தொட முடியாமல் இருந்தால் சூடு உள்ளேயே தங்கிவிட்டது. வெளியே வரும் காற்று சுடுகிறதே என்று பயந்து வருகிறவர்கள் நிறைய. அது சுடத்தான் வேண்டும். சுடாமல் வரும்போதுதான் நான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன்.

ஃபேன் குளிர்ச்சியைக் கொடுக்கும் என்று நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. வீட்டில் மேலே சுற்றும் ஃபேன் நமக்குக் குளுகுளுவென்று இருப்பதற்கு நம் வியர்வைதான் காரணம். காற்றுப் பட்டு வியர்வை ஆவியாகிறது, போகும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகிறது. சிப்புக்கு வியர்க்காது. அறையில் என்ன காற்று இருக்கிறதோ அதைத்தான் ஃபேன் அதன்மேல் தள்ளும். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அறை 42 டிகிரியில் இருந்தால், எத்தனை ஆயிரம் கொடுத்து ஃபேன் வாங்கிப் போட்டாலும் ப்ராசஸர் 42-க்குக் கீழே இறங்கவே இறங்காது. அறைக்கும் ப்ராசஸருக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது மட்டும்தான் ஃபேனால் முடிந்த காரியம்.

அந்த வித்தியாசத்துக்குக் கணக்கு உண்டு. கேபினட்டுக்குள் 100 வாட் சூடு உண்டாகிறது, நிமிடத்துக்கு 30 கன அடி காற்று உள்ளே புகுந்து வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன காற்று சுமார் 6 டிகிரி சூடேறி வெளியே வரும். தூசி அடைத்து அந்த ஓட்டம் பாதியானால் 12 டிகிரி ஏறும். இது காற்றுக்கு மட்டும். சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் அந்தக் காற்றைவிடச் சூடாக இருக்கும், சிப் ஹீட்சிங்கைவிடச் சூடாக இருக்கும். மார்கழியில் இதெல்லாம் யார் கண்ணிலும் படாது. சித்திரையில் அறையே பதினைந்து டிகிரி கூடிவிடுவதால் கணக்கு விளிம்பைத் தொடுகிறது.

சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குப் போகும் இடத்தில் ஒரு பேஸ்ட் இருக்கிறது. இரண்டு உலோகப் பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். அந்தப் பள்ளங்களில் காற்று மாட்டிக்கொண்டால் சூடு கடக்காது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் காற்று ஆயிரக்கணக்கான மடங்கு மந்தமாகத்தான் சூட்டைக் கடத்தும். பேஸ்ட் அந்தப் பள்ளங்களை நிரப்புகிறது, அவ்வளவுதான். கூடுதலாகப் போட்டால் கூடுதலாகக் குளிரும் என்று பல்லுக்குப் பேஸ்ட் பிதுக்குவதுபோல் பிதுக்கி வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும், ஹீட்சிங்கை அழுத்தும்போது அது தானே பரவிக்கொள்ளும். சில வருஷத்தில் அது காய்ந்து சுண்ணாம்புபோல் உதிரும். பழைய சிஸ்டத்தில் ஃபேனைச் சுத்தம் செய்தும் சூடு குறையவில்லை என்றால் அடுத்து நான் பார்ப்பது இதைத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தொழிலுக்கு வந்தபோது 486 மெஷின்கள் இன்னும் சில அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இத்தனை பாடு கிடையாது. 1993-இல் வந்த முதல் பென்டியம் ஏறத்தாழ 15 வாட் சாப்பிட்டது, அதற்கே தலைமேல் குட்டி ஃபேன் வைத்தார்கள். 2004-இல் பென்டியம் 4 வரிசையில் பிரெஸ்காட் என்ற சிப் வந்தது. அதில் வேகமானவை 115 வாட். பதினோரு வருஷத்தில் ஏழு மடங்குக்கும் மேல். அந்தச் சமயம் பார்த்துத்தான் நம் மாவட்டம் முழுக்க, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி என்று பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்தன. பிளைவுட்டில் சின்னச் சின்னத் தடுப்பு. கேபினட் மேசைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெளியே போன சூட்டுக் காற்று சுவரில் மோதித் திரும்பி முன்பக்கமாக மறுபடியும் உள்ளே நுழையும். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் அன்று ஊரே வந்து நிற்கும். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடும். அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாக உட்கார்ந்துகொள்ளும். பெற்றோர் கையில் பதிவு எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் வேறொன்றும் செய்வதற்கில்லை. மேசைப் பெட்டியின் பின்பலகையை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, கேபினட்டை ஒரு சாண் முன்னுக்கு இழுத்துவைப்பேன். அதுவே பெரிய வைத்தியமாக இருந்தது. 2006-இல் வந்த கோர் 2 டூ 65 வாட்டுக்கு இறங்கியதும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் இழுக்கிறது என்பதற்கும் காரணம் இந்தச் சூடுதான். பென்டியம் 4 காலத்திலிருந்து ப்ராசஸர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும். ஓர் அரிசி மண்டியில் மத்தியானத்துக்கு மேல் டேலி கணக்கு மென்பொருளில் ஒரு பில் போடுவதற்குள் லாரிக்காரர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். மண்டிக்காரர் பெரியவர். "வைரஸா இருக்கும் தம்பி, ரெண்டு தடவை ஃபார்மேட் பண்ணியாச்சு, ராம் மாத்தியாச்சு, காலையில சரியா இருக்கு, உச்சி வெயில்ல படுத்துக்குது" என்றார். அவர் சொன்ன கடைசி வார்த்தையிலேயே நோய் இருந்தது. "ஐயா, விண்டோஸ்ல ஒண்ணும் இல்ல, மூடியைக் கழட்டுவோம்" என்றேன்.

அங்கே பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ப்ராசஸருக்கு மேலே வட்டமான அலுமினிய ஹீட்சிங்க், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரியும் மெல்லிய தகடுகள், அதன் தலையில் ஃபேன். மேலிருந்து பார்த்தால் ஃபேன் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகவே இருந்தன, நன்றாகச் சுற்றவும் செய்தன. திறந்து பார்க்கிற எவரும் அதோடு மூடிவிடுவார்கள். ஃபேனை ஹீட்சிங்கிலிருந்து பிரித்து எடுத்தால்தான் விஷயம் தெரியும். இரண்டுக்கும் நடுவே, தகடுகளின் மேல் விளிம்பில், வட்டமாகக் கத்தரித்துவைத்த கம்பளித் துண்டுபோல் ஒரு படலம் படிந்திருந்தது. விரல் நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன். கிழியாமல், ஒரே துண்டாக, ஃபேன் நடுவட்டத்தின் தடத்தோடு எழுந்து வந்தது. தவிட்டு நிறம். ஒரு பக்கம் பஞ்சு, மறுபக்கம் தகடுகளின் வரிவரியான பதிவு. ஃபேன் நாள் முழுக்க ஓடியிருக்கிறது. தள்ளிய காற்று அந்தத் துணியில் முட்டிப் பக்கவாட்டில் சிதறியிருக்கிறது. ஒரு பொட்டுக் காற்றும் தகடுகளுக்குள் போகவில்லை. பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துடைத்து, பேஸ்ட் மாற்றிப் பூட்டியதும் தொண்ணூற்றுச் சொச்சத்தில் இருந்த சூடு அறுபதுக்கு வந்தது. விண்டோஸில் நான் கை வைக்கவே இல்லை.

நம் மாவட்டத்தில் தூசிக்கு ஊருக்கு ஒரு குணம் உண்டு. ஃபேனைக் கழற்றியதும் சிஸ்டம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். திருமயம், நார்த்தாமலைப் பக்கம் கிரஷர்களில் லாரி எடை போடும் வேபிரிட்ஜ் ஆபீஸ் சிஸ்டம் என்றால் வெள்ளை கலந்த சாம்பல் மாவு. கருங்கல் பொடி காய்ந்த சரக்கு, புளோயர் வைத்தால் புகையாகப் பறந்துவிடும். ஆனால் கெட்டியான துகள். ஃபேன் அச்சுக்குள் போனால் அரைத்தே தீர்த்துவிடும், அங்கே ஃபேன்களுக்கு ஆயுள் குறைவு. அதைப் புளோயரால் ஊதும்போது தூசி மாஸ்க் போடாமல் இருக்கக் கூடாது. கல் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. ரைஸ் மில் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. ஊதினால் அசையாது, பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வேண்டும். ஆதனக்கோட்டையில் முந்திரி வறுக்கிற இடத்துக்குப் பக்கத்துக் கடை என்றால் இறக்கையில் பிசுக்குக் கறுப்பாக ஒட்டியிருக்கும், ஒவ்வொரு இறக்கையாகத் துடைக்க வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் தூசி குறைவு. ஆனால் உப்புக் காற்று ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஸ்க்ரூ துருப்பிடித்து முறுக்க வராது, ஃபேன் அச்சு இறுகியிருக்கும், போர்டில் பச்சை பூத்திருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலே ஆடிக் காற்று. செம்மண் புழுதி வீட்டுக்குள் மெழுகின தரையில் படிகிறதென்றால் கேபினட்டுக்குள் படியாதா?

புளோயரைப் பிடிப்பவர்களுக்கு ஒன்று. ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது தறிகெட்டுச் சுற்றினால் அச்சு தேயும். அந்த மோட்டாரே டைனமோவாக மாறிப் போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் வாய்ப்பிருக்கிறது.

இனி காற்றுப் போகும் வழியைப் பற்றிச் சொல்கிறேன். ராயவரம், அரிமளம், ராங்கியம் பக்கத்து நகரத்தார் வீடுகளுக்குள் போயிருக்கிறவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. முன்வாசல், வளவு, பின்கட்டு, பின்வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முன்னால் நுழைந்த காற்று தடையில்லாமல் பின்னால் போகும், வளவின் திறப்பில் சூடு மேலே ஏறிவிடும். கேபினட்டுக்கும் அதுவே இலக்கணம். முன்பக்கம் கீழே உள்ளே வரட்டும், பின்பக்கம் மேலே வெளியே போகட்டும், நடுவில் கேபிள் கற்றை குறுக்கே தொங்க வேண்டாம். கம்பெனிகளே இதில் தடுமாறித்தான் வந்திருக்கின்றன. 1995-இல் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பு வந்தபோது எஸ்எம்பிஎஸ் ஃபேன் வெளியிலிருந்து காற்றை இழுத்து ப்ராசஸர்மேல் ஊத வேண்டும் என்றுதான் முதலில் திட்டம். எஸ்எம்பிஎஸ்ஸே ஒரு சூட்டடுப்பு, அதைத் தாண்டி வரும் காற்று எதைக் குளிர்விக்கும்? பிறகு திசையை மாற்றி வெளியே ஊதவிட்டார்கள்.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டூடியோக்காரர் ஒருவர் முகூர்த்த மாசத்தில் கூப்பிட்டார். ராத்திரி ரெண்டரிங் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் மெஷின் அணைந்து கிடக்கிறது. "நாலு ஃபேன் புதுசா வாங்கிப் போட்டேண்ணே, அப்பவும் இப்படி" என்றார். நான்கும் உள்பக்கமாகவே ஊதின. ஸ்டிக்கரும் குறுக்குச் சட்டங்களும் இருக்கிற பக்கமாகத்தான் ஃபேன் காற்றைத் தள்ளும். பலவற்றின் ஓரத்தில் அம்புக்குறியே இருக்கும். முன்னால் இருந்த இரண்டையும் அப்படியே விட்டு, பின்னால் ஒன்று, மேலே ஒன்று இரண்டையும் திருப்பிப் போட்டேன். புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. அந்த முகூர்த்த மாசம் முழுக்க அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. உள்ளே அழுத்தம் லேசாகக் கூடி, சந்து பொந்துகள் வழியாகக் காற்று வெளியே கசியும், தூசி அந்த வழியாக நுழையாது. பழைய கேபினட்டில் எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஒன்றே ஒன்று, அதுவும் வெளியே இழுப்பது. அதனால் கிடைத்த ஓட்டை வழியெல்லாம் தூசி உறிஞ்சப்பட்டது. அந்த நாளில் டிவிடி டிரைவ் லென்ஸ் சீக்கிரம் அவிந்துபோனதற்கு அதுவும் காரணம்.

பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் சூடு குறையும் என்பது பலருடைய நம்பிக்கை. நான் அதைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துவேன். தகட்டைத் திறந்ததும் சூடு சட்டென்று இறங்கினால் கேபினட்டின் வழி அடைபட்டிருக்கிறது. இறங்காவிட்டால் கோளாறு ஹீட்சிங்கிலோ பேஸ்ட்டிலோ. அதன்பின் மூடிவிடுவேன். திறந்து கிடந்தால் முன்னிருந்து பின்னுக்குப் போகும் ஓட்டம் கலைந்து, ஹார்டு டிஸ்க்மேல் காற்றே படாது. பல்லி வேறு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி விழுந்து வெடித்த போர்டுகளை இந்த ஊரில் சர்வீஸ் செய்கிற எவரும் பார்த்திருப்பார்கள்.

இனி ஃபேன். 12 வோல்ட், உள்ளே கார்பன் பிரஷ் கிடையாது. நடுவட்டத்துக்குள் காந்தம், அடியில் சுருள், காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன உணர்வி. சாதாரணமாக மூன்று ஒயர்: கறுப்பு எர்த், சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகத்தைச் சொல்வது. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு மஞ்சளில் போகும், போர்டு அதை எண்ணிக்கொள்ளும். துடிப்பு வராவிட்டால் ஆன் செய்ததும் "சிபியு ஃபேன் எரர்" என்று நிறுத்திவிடும். அதைப் பார்த்து தினமும் எஃப் 1 அழுத்தி உள்ளே போகிறவர்கள் உண்டு. அந்தச் செய்தியை வாரக்கணக்கில் தாண்டிப் போகாதீர்கள் என்று கெஞ்சித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலாவது ஒயர் இருந்தால் அது வேகக் கட்டுப்பாடு. வினாடிக்கு 25,000 முறை விட்டுவிட்டுச் சைகை போகும். மனுஷக் காது 20,000-க்கு மேல் கேட்காது என்பதால் அந்தக் கீச்சுச் சத்தம் நமக்கு வராது.

சத்தத்துக்காக ஃபேனையே வேண்டாமென்ற கதையும் உண்டு. 1980-இல் வந்த ஆப்பிள் 3 கம்ப்யூட்டருக்கு ஃபேன் வைக்கவில்லை. உள்ளே சூடேறிச் சிப்புகள் சாக்கெட்டிலிருந்து நழுவின. மெஷினைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள், சிப் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று சொல்லும் நிலை வந்தது. சத்தம் பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது பெரிய ஃபேன். வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும், ஆனால் மோட்டார் எட்டு மடங்கு சக்தியை இழுக்கும், சத்தம் எகிறும். 80 மில்லிமீட்டர் ஃபேன் கத்திக்கொண்டு செய்கிற வேலையை 120 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றிச் செய்துவிடும்.

ஃபேன் காலையில் "கொர்" என்று இழுத்து, சூடானதும் அடங்கினால் ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் வற்றுகிறது என்று அர்த்தம். ஸ்டிக்கரைப் பாதி உரித்து, அச்சில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஸ்டிக்கரை ஒட்டினால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ தள்ளும். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள், மார்கழியில் அது உறைந்துவிடும். இறக்கையை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் தெரிந்தால் எண்ணெய்க்கு வேலையில்லை, மாற்றிவிட வேண்டியதுதான். சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பஸ் பார்சலில் மறுநாள் வந்துவிடும். போர்டில் நிற்கும் கெப்பாசிட்டர்களுக்குச் சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. சில நூறு ரூபாய் ஃபேனைத் தள்ளிப்போட்டுப் போர்டையே இழந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் தென்னையும் பலாவும் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஓடு பறந்த வீடுகளில் நனைந்து ஈரத்திலேயே கிடந்த சிஸ்டங்கள், கரண்ட் வந்ததும் கடைக்கு வர ஆரம்பித்தன. ஜெனரேட்டர் போட்டு அவசரமாக ஆன் செய்தவர்களுடையதில் ஃபேன் அச்சு துருப்பிடித்து நின்றிருக்க, ப்ராசஸர் மட்டும் சூடேறிக்கொண்டிருந்தது. யார் கேட்டாலும் ஒன்றையே சொன்னேன்: "பிளக்கைச் சொருகாதீங்க, முதல்ல ஃபேனை விரலால சுத்திப் பாருங்க. லேசா சுத்துனா மட்டும் மத்ததைப் பாப்போம்."

இப்போது வருகிறவை வேறு மாதிரி. கேம் விளையாடுகிற, த்ரீ டி கற்கிற கல்லூரிப் பிள்ளைகள் சொந்தமாகவே சிஸ்டம் கட்டுகிறார்கள். அவர்களுக்குள் இருக்கும் ஆர்வத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் 170 வாட், ப்ராசஸரோடு சேர்த்தால் பிரெஸ்காட் காலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூடு. கேபினட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதன் பின்னே வண்ண விளக்கோடு மூன்று ஃபேன். காற்று நுழைய ஓரத்தில் ஒரு விரல் சந்து. போன சித்திரையில் ஒரு பையன் இப்படி ஒன்றைத் தூக்கிவந்து, இன்னும் இரண்டு ஃபேன் எங்கே போடலாம் என்று கேட்டான். "முதல்ல இந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு உன் கேமைப் போடு தம்பி" என்றேன். கார்டின் சூடு இறங்குவதை அவனே திரையில் பார்த்தான். கண்ணாடிக் கேபினட்டை விட்டுவிட்டு, வலை முகப்பு உள்ள கேபினட் ஒன்றுக்குள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தோம். வலைக்குப் பின்னால் தூசி ஃபில்டர் இருக்கிறது. மாதம் ஒரு முறை கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டச் சொல்லியிருக்கிறேன். ஆடியில் மட்டும் வாரம் ஒரு முறை.